கோடு வெட்டும் இடம்

வெள்ளிமலையில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஒரு மேடு ஏறி இறங்கினால் ராஜாம்பாள் வீடு. மணிமொழி அங்கே முதன்முதலில் போனது கிழங்குக்காக. சென்னையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியலில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தாள். கசப்பு மரவள்ளியின் தோலில் இருக்கும் ஒரு நொதியைப் பற்றிய ஆய்வு. சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளி மலையாகக் குவிந்து கிடந்தது. ஆனால் எந்தக் கிழங்கு எந்தக் கொல்லையில் என்றைக்குப் பிடுங்கியது என்று ஆலைக்காரர்களுக்கே தெரியாது. மண்ணிலிருந்து அப்போதுதான் எடுத்த கிழங்கு வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் தெய்வசிகாமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எலவனாசூர்கோட்டையில் இருந்த அவள் அப்பா ராமசாமிக்கு, கடுக்காய் வாங்கப் போன பழக்கத்தில் மலைமேல் வேடியப்பனைத் தெரியும். அந்த வேடியப்பனின் மனைவிதான் ராஜாம்பாள்.

இரண்டு பருவம் மணிமொழி அங்கே போய்வந்தாள். ராஜாம்பாள் செடியை அசைத்து அசைத்துப் பிடுங்கித் தருவாள். மணிமொழி அங்கேயே உட்கார்ந்து தோலைச் சீவி, கள்ளக்குறிச்சியில் வாங்கி வந்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொள்வாள். சாயங்காலப் பேருந்தைப் பிடிக்க முடியாத நாட்களில் அந்த வீட்டிலேயே தங்கல். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போடுவார்கள். ராஜாம்பாளுக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவள். பேசினால் நேராகப் பேசுவாள். மணிமொழி அவளை அக்கா என்று கூப்பிட்டாள். அவள் இவளைப் பாப்பா என்றாள்.

அந்தத் தோலில் விஷம் உண்டு என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். விஷம் அப்படியே இருப்பதில்லை, தோல் நசுங்கும்போதுதான் கிளம்புகிறது. தோலுக்குள் ஒரு பொருளும், அதை உடைக்கிற நொதியும் தனித்தனி அறைகளில் கிடக்கின்றன. நசுக்கினால் இரண்டும் சந்திக்கும், சயனைடு பிரியும். நொதி தன் வேலையைத் தண்ணீருக்குள் முழுதாக முடித்துவிட்டால், விஷம் தண்ணீரோடும் காற்றோடும் போய்விடும். மிஞ்சுவது மாட்டுக்கு நல்ல தீனி. முடிக்குமுன்னே மாடு தின்றுவிட்டால் மிச்ச வேலை மாட்டின் வயிற்றுக்குள் நடக்கும். ஆகவே அந்த நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதுதான் மணிமொழியின் ஆய்வு முழுக்க.

எண்பத்தேழாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மலையில் புல் காய்ந்து கருகியது. ராஜாம்பாளிடம் ஒரு கறவை மாடு இருந்தது, கன்று போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆடி கடைசியில் மணிமொழி போனபோது அவள் கேட்டாள், இந்தத் தோலை எத்தனை நேரம் ஊறவைத்தால் மாட்டுக்குப் போடலாம் என்று. கொல்லை ஓரத்தில் குவித்து வீணாகிற தோல். கீழே போய்க் கணக்குப் போட்டு அடுத்த தடவை சொல்கிறேன் என்றாள் மணிமொழி.

கணக்கு அவளிடம் ஏறக்குறைய தயாராகவே இருந்தது. நொதிக்கு உடைக்கிற பொருளைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தால் வேகமும் கூடும். ஓர் அளவுக்கு மேல் கூடாது. வரைபடத்தில் அது மேலே ஏறி வளைந்து படுத்துக்கொள்ளும். அந்த உச்ச வேகம் எவ்வளவு என்பதை வளைகோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் கோடு உச்சியைத் தொடுவதே இல்லை. அதனால் எண்களைத் தலைகீழாக்குவார்கள். ஒன்று என்ற எண்ணை வேகத்தால் வகுத்து நெடுக்கு அச்சிலும், பொருளின் அளவால் வகுத்துக் கிடை அச்சிலும் வைத்தால் வளைகோடு நேர்கோடாகிவிடும். அந்தக் கோடு நெடுக்கு அச்சை எங்கே வெட்டுகிறதோ அதைத் திருப்பிப் போட்டால் உச்ச வேகம். லைன்வீவர், பர்க் என்று இரண்டு பேர் சொன்ன வழி. பேராசிரியர் இதில் கெட்டிக்காரர். கண்ணாடி ஸ்கேலைப் புள்ளிகள் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இழுப்பில் கோடு போடுவார். மணிமொழியின் புள்ளிகள் மேல் அவர் போட்ட கோடு அவ்வளவு அழகாக இருந்தது. எல்லாப் புள்ளியும் கோட்டின் மேலேயே உட்கார்ந்ததுபோல் இருந்தது. அது நெடுக்கு அச்சைச் சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, சற்று மேலே வெட்டியது.

அந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டால் ஒரு ராத்திரி ஊறினால் போதும் என்று வந்தது.

ஆவணியில் மலைக்குப் போய் அதைச் சொன்னாள். தோலை நன்றாக இடித்து, நிறையத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். அவள் பையில் பிக்ரேட் தாள் இருந்தது. மஞ்சள் தாள், சயனைடு பட்டால் செங்கல் நிறமாக மாறும். ஊறின தோலை ஒரு புட்டியில் போட்டு, மூடியில் அந்தத் தாளைத் தொங்கவிட்டுக் காத்திருந்தால் விஷம் மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துபோகும். செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் எடுத்துப் போயிருந்தாள். ஆனால் அதற்கு மறுநாள் வரை இருக்க வேண்டும். பேராசிரியர் ஆய்வேட்டை முடிக்கச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பேருந்து வந்து நின்றது. கோடு அத்தனை நேராக இருக்கிறதே என்று ஏறிவிட்டாள்.

புரட்டாசி பிறந்தபோது எழுதுகிற வேலைக்காக ஊருக்கு வந்திருந்தாள். அந்த வாரம்தான் அவர்கள் ஜாதிச் சங்கத்தின் சாலை மறியல். படிப்பிலும் வேலையிலும் தங்கள் ஜனத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு, ஒரு வாரம் சாலையில் ஒரு வண்டியும் ஓடக்கூடாது என்று அறிவித்திருந்தார்கள். அவள் தம்பி அன்புச்செல்வன் பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தான். சங்கத்தில் அவன்தான் ஊர்ப் பையன்களுக்கெல்லாம் முன்னால் நின்றான். உளுந்தூர்ப்பேட்டை சேலம் சாலையில் பெரிய பெரிய புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்தார்கள். மரம் விழுகிற ஓசை வீட்டுக்குள்ளேயே கேட்டது. அம்மா ஆண்டாள் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தரம் நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள்.

மறியலின் முதல் நாள் மத்தியானம் மணிமொழி ஆய்வேட்டுக்கு இன்னொரு வரைபடம் போட உட்கார்ந்தாள். தேர்வாளர் கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டும், அதே எண்களை வேறு ஒரு முறையிலும் வரைந்து சேர்த்துவிடு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இதில் எண்ணைத் தலைகீழாக்குவதில்லை. நெடுக்கில் வேகம், கிடையில் வேகத்தை அளவால் வகுத்த எண். கோடு நெடுக்கு அச்சை வெட்டுகிற இடமே உச்ச வேகம். ஈடி, ஹாஃப்ஸ்டீ என்பவர்களின் வழி.

புள்ளிகளை வைத்துக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்தினாள். கோடு வரவில்லை. மேலே இடதுபக்கம் இருந்த புள்ளிகள் ஒழுங்காக ஒரு வரிசையில் நின்றன. வலது ஓரத்துப் புள்ளிகள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. அவை எவை என்று பார்த்தாள். பொருளை மிகக் குறைவாகக் கொடுத்தபோது எடுத்த அளவுகள். கரைசலில் மஞ்சள் நிறம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், நிறத்தை அளக்கும் கலரிமீட்டரின் முள் ஒரு இடத்தில் நிற்காது, கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகக் குறித்துக்கொண்டவை. அவற்றைக் கொஞ்சம் குறைத்துக் குறித்துவிட்டிருந்தாள். சின்ன எண்ணைத் தலைகீழாக்கினால் பெரிய எண்ணாகும் அல்லவா? பேராசிரியர் போட்ட கோட்டில் அந்த நிச்சயமில்லாத புள்ளிகள்தான் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மொத்தக் கோட்டையும் தங்கள் பக்கம் இழுத்திருந்தன. நன்றாக அளந்தவை எல்லாம் இந்தக் கோடியில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. யாரும் அவற்றைக் கேட்கவில்லை. கோடு மயிரிழை சாய்ந்திருந்தது. சுழிக்குப் பக்கத்தில் மயிரிழை சாய்ந்தால் போதும், உச்ச வேகம் இரட்டிப்பாகிவிடும்.

நல்ல புள்ளிகளை மட்டும் வைத்து மறுபடி போட்டாள். வேகம் பாதிதான் வந்தது.

அப்படியானால் தோல் இரண்டு ராத்திரி ஊற வேண்டும். மலையில் ஒரு ராத்திரிதான் ஊறுகிறது. முதலில் இரண்டு கை, மூன்று கை என்று போட்டிருப்பார்கள், மாடு தாங்கியிருக்கும். புல் தீரத் தீரக் கூடையாகப் போடுவார்கள்.

அவள் எழுந்து வாசலுக்கு வந்தபோது சாலையில் ஒரு ஜீப் நின்றிருந்தது. கீழத்தெருவில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக அன்புச்செல்வனே பேசி, கிளைகளை இழுத்து வழிவிட்டுக்கொண்டிருந்தான். வண்டியில் இடம் இருந்தது. அக்கா கேட்டிருந்தால் அவன் ஏற்றிவிட்டிருப்பான். கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டால் கச்சிராயபாளையத்துக்கு எப்படியாவது போயிருக்கலாம், அங்கிருந்து மலைக்காரர்கள் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். மணிமொழி நின்றாள். போய் என்னவென்று சொல்வது? அவசரப்பட்டுத் தப்பாகப் போட்டிருந்தால்? இன்னொரு தரம் சரிபார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே திரும்பினாள். திரும்பவும் புள்ளி வைத்தாள். திரும்பவும் பாதிதான் வந்தது. வெளியே வந்தபோது ஜீப் இல்லை. கிளைகளைப் பழையபடி இழுத்துப் போட்டுவிட்டிருந்தார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் தாமதமாக நடந்தது. நடந்தே போகிறேன் என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் விடவில்லை. எங்கோ ஒரு காலனியில் குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்றும், விழுப்புரம் பக்கம் போலீஸ் சுட்டுவிட்டது என்றும் செய்தி வந்துகொண்டிருந்தது.

"ஊரே எரிஞ்சிக்கினு இருக்குது. ஒரு மாட்டுக்காக உன்ன அனுப்பிட்டு நான் இங்க இன்னா பண்றது?" என்றார்.

தம்பியிடம் சொன்னாள். குடிசைச் செய்தி கேட்டதிலிருந்து அவன் முகம் சரியில்லை. மறியலுக்கு வந்தவன் தீ வைக்கவா வந்தேன் என்று யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்திருந்தான். மறியல் பாதி கடந்தபோது அவனே சைக்கிளை எடுத்து வந்தான். வரப்பு வழியாகவும் வண்டிப்பாதை வழியாகவும் அக்காளைப் பின்னால் வைத்து மிதித்தான். தியாகதுருகம் தாண்டுவதற்குள் வேறு ஊர்க்காரர்கள் மறித்தார்கள். அவர்களுக்கு இவனைத் தெரியாது. சங்கம் என்று சொல்லிப் பார்த்தான்; சங்கத்துக்காரன் ஏன் மறியலை உடைக்கிறான் என்று சைக்கிள் காற்றைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள். இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார்கள். ஊர் எல்லையில் போலீஸ் வேன் நின்றிருந்தது. பெயர் கேட்டார்கள். அன்புச்செல்வன் பெயர் அவர்கள் கையில் ஏற்கனவே இருந்தது. அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவை மலைக்குக் கொண்டுவிட வராமல் இருந்திருந்தால் அவன் தலைமறைவாகவாவது இருந்திருப்பான் என்று அம்மா பிற்பாடு ஒரே ஒரு முறை சொன்னாள்.

மறியல் முடிந்து, மரங்களை அறுத்து ஓரம் தள்ளி, பேருந்து ஓடத் தொடங்கிய முதல் நாளே மணிமொழி மலைக்குப் போனாள்.

வாசலில் கன்று மட்டும் கட்டியிருந்தது. வேடியப்பன் கோடாலிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. மாடு மறியலின் மூன்றாம் நாள் செத்துவிட்டதாக அவர்தான் சொன்னார். காலையில் ஒரு கூடை தின்றது, வெயில் ஏறுவதற்குள் நடுங்கியது, நுரை தள்ளியது, காலை உதைத்துக்கொண்டே விழுந்தது. கன்று பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்ததாம்.

"நீ சொன்னபடிதான் ஊறப் போட்டோம்" என்றார்.

மணிமொழி பேச ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் என்றதும் அந்த ஜீப் கண்ணில் வந்து நின்றது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசினாள். கணக்கில் ஒரு பிசகு வந்துவிட்டது என்றாள். மிகக் குறைந்த அளவில் எடுத்த எண்கள் நம்பத்தக்கவை அல்ல, அவற்றைத் தலைகீழாக்கினால் கோட்டையே சாய்த்துவிடும், வேறு முறையில் வரைந்ததில் பாதி வேகம்தான் வருகிறது என்றாள். மண்ணில் ஒரு குச்சியால் இரண்டு அச்சும் போட்டு, புள்ளிகள் வைத்துக் காட்டினாள். இனிமேல் இரண்டு ராத்திரி ஊறவேண்டும், நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிவிடுங்கள் என்றாள். வாய் நிற்காமல் பேசியது. சாலையை மறித்தது, தம்பி சிறையில் இருப்பது எல்லாம் சொன்னாள்.

வேடியப்பன் அந்தப் படத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒரு ராத்திரின்ன. இன்னிக்கு ரெண்டுங்கிற. அடுத்த வாட்டி வந்து மூணும்ப. எந்த மாட்ட வச்சி பாக்கச் சொல்ற?"

ராஜாம்பாள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். மணிமொழி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினாள்.

ஆய்வேடு மார்கழியில் முடிந்தது. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் முறை எங்கே ஏமாற்றுகிறது என்று விளக்கி எழுதியிருந்தாள். அதன் கடைசியில், இந்தப் பிழையால் ஒரு மாடு இறந்தது என்று ஒரு பத்தி. பேராசிரியர் படித்துவிட்டு அதை மட்டும் சிவப்பு மையால் அடித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். கோடு போட்டது நான், கணக்கு போட்டது நீ, ஆய்வேட்டில் மாடு எதற்கம்மா என்று மெதுவாகத்தான் கேட்டார். நாலு நாள் கழித்து அவள் அந்தப் பத்தி இல்லாத பக்கத்தைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டாள். வெளியூர்த் தேர்வாளர் அந்த ஒப்பீட்டை மிகவும் பாராட்டினார். அவர் பாராட்டும்போது மணிமொழி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எண்பத்தொன்பதில் அரசு மிகவும் பிற்பட்டோர் என்று தனிப் பிரிவு வகுத்து ஒதுக்கீடு கொடுத்தது. அடுத்த வருஷம் அந்தப் பிரிவில் மணிமொழிக்கு ஓர் அரசுக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. செய்தி வந்த அன்று அன்புச்செல்வன் கள்ளக்குறிச்சியிலிருந்து ஜிலேபி வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தான்.

"பாத்தியாக்கா, மரம் வெட்னது வீண் போவல" என்றான்.

அவனும் கிராம நிர்வாக அலுவலர் தேர்வு எழுதித் தேறியிருந்தான். ஆனால் மறியல் வழக்கு அவன் மேல் இன்னும் நிலுவையில் இருந்தது. போலீஸ் விசாரணை அறிக்கை போனதும் அவன் பெயரை நிறுத்திவைத்துவிட்டார்கள். அதைப்பற்றி அவன் பேசுவதில்லை. அக்காவின் சம்பளம் எந்தத் தேதியில் வரும், விடுதியில் சாப்பாடு எப்படி இருக்கும் என்றெல்லாம் உற்சாகமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த மரங்கள் சாய்ந்ததால்தான் தனக்கு வேலை என்று மணிமொழிக்குத் தெரியும். அந்த மரங்களுக்கு இந்தப் பக்கம் தான் நின்றுவிட்ட மத்தியானமும் தெரியும். இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க அவளுக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

வேலையில் சேருவதற்கு முன்னால் ஒருநாள் மலைக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. வீடு பூட்டியிருந்தது. சாலை போடுகிற இடத்தில் இருப்பாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ராஜாம்பாள் ஜல்லிக் கூடையை இறக்கிவிட்டுச் சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். இளைத்திருந்தாள். நல்லா இருக்கியா பாப்பா, அம்மா அப்பா சௌக்கியமா, தம்பியை விட்டுவிட்டார்களா என்று வரிசையாக விசாரித்தாள். மரவள்ளி இப்போது போடுவதில்லை என்றும், மாடு மறுபடி வாங்கவில்லை என்றும் கேட்காமலேயே சொன்னாள். கன்று என்ன ஆயிற்று என்று மணிமொழி கேட்டாள்.

"சேராப்பட்டுல தங்கச்சி வூட்டுக்கு ஓட்டி உட்டேன். பால் பத்தல. அங்க போயி செத்துடுச்சி."

இருவரும் சாலையோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். தார் காய்ச்ச மூட்டிய தீயின் புகை காற்றில் இந்தப் பக்கம் வந்தது. மணிமொழி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது என் தப்புக்கா. தாள வச்சி பாத்துட்டுச் சொல்லியிருக்கணும். பாக்காம சொல்லிட்டேன். அப்புறம் தெரிஞ்ச அன்னிக்கே வந்திருக்கலாம். அன்னிக்கும் வரல."

ராஜாம்பாள் சும்மாட்டுத் துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கு நீ மண்ணுல இன்னாவோ கோடு போட்டுக் காட்டிக்கினு இருந்தியே, அப்பவே தெரியும். இத நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். சொல்லவே இல்ல."

"ஆமாக்கா."

"அவரு இன்னும் யாரு சொல்றதையும் கேக்கறதில்ல. ஆடு மாட்டுக்கு மருந்து போடற டாக்டரு வந்தாக்கூட ஆட்டப் புடிச்சிக்கினு அந்தாண்ட போயிடறாரு." சற்று நிறுத்தினாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா அவருக்கு ஒரு இதுவா இருந்திருக்கும்."

மேஸ்திரி தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். ராஜாம்பாள் எழுந்தாள். சோறு பொங்கிப் போட இன்றைக்கு முடியாது, வீட்டில் ஒன்றும் இல்லை என்றாள். இன்னொரு நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வா என்று சொல்லவில்லை. மணிமொழியின் தோளில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைத் தட்டிவிட்டு, சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

மணிமொழி பேருந்து நிறுத்தம் வரை நடந்தாள். புதுச் சாலையில் இன்னும் தார் படாத ஜல்லி காலில் குத்தியது. பேருந்து வருவதற்கு நேரம் இருந்தது. கோமுகி அணைப் பக்கத்திலிருந்து ஏறிவந்த காற்று குளிர்ந்திருந்தது, கீழே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். அவள் நிழலில் ஒதுங்காமல் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.